கேஸ் எங்கே போச்சு?

மார்ச் மாதத்து மதியம். சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா, "கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் வீட்டின் பின்பக்கம் ஏணி சாத்தியிருக்கிறது. ஏணி மேல் ஓர் இளைஞன். அவன் கையிலிருந்த மீட்டர் கடிகாரத்திலிருந்து இரண்டு குழாய்கள் ஏர்கோனின் வெளிப்பெட்டிக்குப் போகின்றன.

"அக்கா, கேஸ் அபிஸ்க்கா. டாப்-அப் பண்ணிடலாம். 150 வெள்ளி."

அக்கா என் பக்கம் திரும்பி, "போன வருசமும் இதையே சொன்னாங்க. அதுக்கு முந்தின வருசம் வந்தது வேற பையன், அவனும் இதேதான்" என்றார். பிறகு ஏணியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "தம்பி, அடுப்பு கேஸ் தீந்தா சமைச்சதுல தீந்துச்சுன்னு தெரியும். இந்தக் கேஸ் எங்க போச்சு?"

"ஓட ஓடக் கொறையும்க்கா."

குறையாது. ஏர்கோனுக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் சுருளில் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும். வெளிப்பெட்டிக்குப் போய்த் திரவமாகி அந்தச் சூட்டைக் கக்கும். மறுபடி உள்ளே வரும். பொருத்தியவர் ஒழுங்காகப் பொருத்தியிருந்தால் பத்து வருடம் ஆனாலும் அதே கேஸ்தான் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, பஞ்சரான டயருக்குக் காற்று அடித்துக் காசு வாங்குவது போலத்தான். அக்கா இரண்டு வருடமாக அந்தக் காசைத்தான் கொடுத்திருக்கிறார்.

அக்காவின் கேள்வியை ஏன் நாம் எல்லோரும் கேட்பதில்லை? கூலிமிலிருந்து அலோர் ஸ்டார் வரை தெரிந்த வீடுகளில் விசாரித்தேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு டாப்-அப் கதை இருந்தது. ரசீது வைத்திருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

*

ஏர்கோன் ஆடம்பரம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதத்தில் ஒரு மதியம் எங்கள் வீட்டு மாடியறையில் உட்காரச் சொல்வேன். நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் கெடாவுக்கும் பெர்லிசுக்கும் வருடத் தொடக்கத்தில் மழை விட்டுவிடும். மலேசியாவின் வெப்பப் பதிவேட்டில் உச்சத்தில் இருப்பதே பக்கத்து மாநிலமான பெர்லிசின் சூப்பிங்தான்: 1998 ஏப்ரல் 9-இல் 40.1 டிகிரி. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடும். 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, வெப்ப அலை. வறட்சி மாதங்களில் அந்தப் பட்டியலில் கெடா மாவட்டங்களின் பெயர் வருவது இங்கே யாருக்கும் புதிய செய்தி இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காலம் வேறு விதமாக நினைவிருக்கும். பால்மரம் இலை உதிர்ப்பது சரியாக இந்த மாதங்களில்தான். வருடம் முழுக்க நிழல் கொடுத்த மரம், நிழல் வேண்டிய நேரத்தில் மொட்டையாக நிற்கும். ஆனாலும் லயத்து வீட்டில் ஒரு வசதி இருந்தது. பலகைச் சுவர், சந்து விட்ட கூரை, தரையை விட்டுத் தூக்கிக் கட்டிய தளம். பகலில் தகரம் கொதித்தாலும் பொழுது சாய்ந்தால் வீடு ஆறிவிடும். தாமான் வீடு அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டுச்சுவர், காற்றுக்கு வழி முன்னாலும் பின்னாலும் மட்டும். மேற்குச் சுவர் மாலை வரை வெயிலைக் குடித்து, இரவு பதினொரு மணிக்கு அதை நம் கட்டில் மேல் கக்கும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் சுங்கைப் பட்டாணித் தொழிற்பேட்டைகளிலும் எத்தனை பிள்ளைகள் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள்! காலை எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண், ஊர் கொதிக்கும் நேரத்தில்தான் தூங்க வேண்டும். மின்விசிறி அந்த அனலையே எடுத்து அவள் முகத்தில் வீசும். இரவெல்லாம் சில்லு செய்யும் சுத்த அறையில் சீரான குளிரில் நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு ஏர்கோன் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

*

என் சின்ன வயதில், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில், மின்சாரம் என்றால் இஞ்சின் ரூம். பொழுது சாய்ந்ததும் இஞ்சின் ஓடத் தொடங்கும், இரவு பத்து மணிக்கு நிற்கும். படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கதாநாயகன் ஜெயித்தானா என்று தெரியாமலே படுக்கப் போவோம். விளக்கு எரியவில்லை என்றால் ஆபீசில் கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி எழுதிக்கொள்வார். என்றைக்காவது ஒருநாள் இஞ்சின் ரூம் ஆள் வருவார், பார்ப்பார், போவார். என்ன கோளாறு என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வீடு கம்பெனி வீடு, விளக்கு கம்பெனி விளக்கு. கேள்வி கேட்க நமக்கு என்ன இருக்கிறது?

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டானதும் சனம் பாடாங் செராய்க்கும் லூனாசுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுக் கடன் நம் பெயரில், தெனாகா பில் நம் பெயரில். ஆனால் பழுது பார்க்க ஆள் வந்தால் மட்டும் நமக்குள் அந்தப் பழைய லயத்துப் பிள்ளை எழுந்து ஓரமாக நின்றுகொள்கிறது. ஏணியில் ஏறுகிறவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். போதாததற்கு, வருகிறவர் பெரும்பாலும் நம் பிள்ளை. கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் யாரோ நம்பர் கொடுத்திருப்பார்கள். அவன் அப்பாவும் நம் அப்பாவும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர்களாக இருப்பார்கள். அவனிடம் ரசீது கேட்டால் சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமோ என்று கூச்சம். விலையை வேலை முடிந்த பிறகு கேட்கிறோம். "பாத்து போட்டுக் குடுங்க" என்ற வாக்கியத்தால் நாம் இழந்த காசைக் கணக்குப் பார்த்தால் ஒரு புது ஏர்கோன் வாங்கலாம்.

தெரிந்த பையனைக் கூப்பிடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூப்பிடுங்கள், நாளைக்கு அவன் கோயிலில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன், அதுவே ஒரு கியாரண்டி. ஆனால் ஏணி மேல் ஏறியவுடன் அவன் தொழில்காரன், நீங்கள் வாடிக்கையாளர். உறவு அதற்குப் பிறகு டீ குடிக்கும்போது.

*

இனி அந்த மீட்டர் கடிகாரம். டாப்-அப் வியாபாரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முள் கீழே நிற்பதைக் காட்டி "பாருங்க, பிரஷர் இல்ல" என்பார்கள். முள் பொய் சொல்லாது. ஆனால் அது சொல்லும் விஷயம் வேறாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ஃபில்டரும் சுருளும் தூசி பிடித்து அடைத்திருந்தால், கேஸ் ஒரு சொட்டும் குறையாமலே முள் இறங்கும். சூடான காற்று சுருளைத் தொட்டால்தான் கேஸ் நன்றாக ஆவியாகும், அழுத்தம் ஏறும். ஆறு மாதம் கழுவாத ஏர்கோனில் கடிகாரம் மாட்டினால் யார் வீட்டிலும் "கேஸ் இல்லை"தான். ஆகவே முதலில் கழுவச் சொல்லுங்கள். கழுவி, கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இன்வெர்ட்டர் ஏர்கோனில் இன்னும் ஒரு சிக்கல். அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் தானாகவே வேகம் குறைத்துக்கொள்ளும். அழுத்தமும் அதற்கேற்ப மாறும். சும்மா ஓடும்போது எடுத்த ஓர் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கழுவிய பிறகும் குளிர் வரவில்லை, வெளிப்பெட்டியின் மெல்லிய குழாயில் பனி கட்டுகிறது என்றால் ஒழுக்கு இருக்கக்கூடும். அப்போது ஒரே கேள்வி: "எங்கே ஒழுகுதுன்னு காட்டுங்க." ஒழுக்குகளில் பெரும்பாலானவை குழாய் நட்டுப் போட்டு இணையும் இடங்களில்தான். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு சின்னத் தூரிகையால் தடவினால் குமிழி வரும். இரண்டு நிமிட வேலை. தனிக் கருவி எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரோடு வருகிறவரை நம்பலாம் என்பது என் அனுபவம். சிலிண்டரை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவரிடம் கொஞ்சம் நின்று பேசுங்கள்.

சிலிண்டரில் என்ன கேஸ் என்பதையும் பாருங்கள். வெளிப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் உங்கள் ஏர்கோனுக்கு எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். பழையவற்றில் ஆர்22, ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மொண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியாக ஒதுக்கப்பட்டு வருவது அது. அதற்குப் பிறகு ஆர்410ஏ, இப்போது கடைகளில் பெரும்பாலும் ஆர்32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்ற முடியாது, கலக்கவும் கூடாது. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையுள்ளது. அதன் பக்கத்தில் சிகரெட்டோடு வேலை செய்கிறவரை ஏணியிலிருந்து இறக்கிவிடுங்கள். ஒழுக்கை அடைத்தபின் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கூம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். பம்ப் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும், சத்தம் கேட்கும். பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, தகட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் கேஸ் ஏற்றுவது தராசு இல்லாமல் நகை விற்பதற்குச் சமம். நகைக்கடையில் நாம் ஒத்துக்கொள்வோமா?

புதிதாகப் பொருத்தும்போதும் இதே கதைதான். "ஃப்ரீ இன்ஸ்டலேஷன்" என்று கடையில் சொல்வார்கள். இலவசமாக வருகிறவர் ஒரு நாளில் ஐந்தாறு வீடு முடிக்க வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் முதலில் பலியாவது வேக்கூம் பம்பின் கால் மணி நேரம். என் வீட்டிலேயே அது நடந்தது. நான் காப்பி போட உள்ளே போய் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது என்றார்கள். அந்தக் காப்பியின் விலை எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத் தெரிந்தது.

*

வேறு சில கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைப்பு. அதற்கும் கேஸ் ஏற்றுவதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய வகை ஏர்கோனில் வெளிப்பெட்டி உறுமிவிட்டு நின்றால் 'கம்ப்ரசர் போச்சு' என்பார்கள். கபேசிட்டர் என்ற சின்னப் பொருள் கெட்டாலும் அதே உறுமல்தான் வரும். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கபேசிட்டரைச் சோதித்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிறகு நம் பல்லி. வெளிப்பெட்டியின் எலக்ட்ரானிக் போர்டுக்குள் கதகதப்புத் தேடிப் புகுந்து, இரண்டு முனைகளில் காலை வைத்து, தானும் செத்து போர்டையும் கொல்லும். அப்படிக் கருகிய ஒரு போர்டை பாடாங் செராயில் ஒரு பட்டறை மேசையில் பார்த்தேன். பல்லியின் நான்கு விரல் மட்டும் பச்சை அட்டையில் அச்சடித்தது போல் ஒட்டியிருந்தது. "இதாண்ணே என் முதலாளி, மாசத்துக்கு ரெண்டு மூணு வேலை குடுக்குது" என்றார் பட்டறைக்காரர். போர்டு மாற்றினால் பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். கெட்டது எது என்று கண்ணால் பார்க்க அதுதான் வழி.

*

ஆள் தேடுவதிலும் இப்போது ஆபத்து இருக்கிறது. விளக்குக் கம்பத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் காலம் போய் ஃபேஸ்புக் விளம்பரக் காலம். நம்ப முடியாத மலிவு விலையில் ஏர்கோன் கழுவித் தருவதாக விளம்பரம் வரும். பேசினால், பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லி வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்புவார்கள். இறக்கினால் கைப்பேசி அவர்கள் கைக்குப் போய்விடும். வங்கிக் கணக்கு துடைக்கப்படும். ஏர்கோன் கழுவ எந்தத் தொழில்காரனுக்கும் உங்கள் கைப்பேசியில் செயலி தேவையில்லை. அவசரப்பட்டு மாட்டிக்கொண்டால் வங்கிக்கும், 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க ஒரு வாய்ப்பு உண்டு.

நல்ல தொழில்காரர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. கியாட்மாரா போன்ற பயிற்சி நிலையங்களில் குளிர்சாதனத் தொழில் படித்து, மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சான்றிதழைக் காட்டச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராது, பெருமையாகத்தான் இருக்கும். ஏர்கோனுக்கோ ஹீட்டருக்கோ புதிதாகத் தனி மின்கம்பி இழுப்பதாக இருந்தால் அது வேறு தகுதி: எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன் வர வேண்டும். குளிர்சாதனம் தெரிந்தவர் எல்லோரும் வயர்மேன் இல்லை.

கூப்பிடும் காலமும் முக்கியம். மார்ச்சில் கூப்பிட்டால் ஆளும் கிடைக்காது, பொறுமையும் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் அதைவிட மோசம். தீபாவளி முடிந்து மழை பெய்யும் நாட்களில் கூப்பிடுங்கள். கையில் வேலை குறைவாக இருக்கும்போது மனிதன் சோப்புத் தண்ணீர் கலக்க யோசிக்க மாட்டான்.

*

ஹீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெடாவில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் தேவையில்லை. இங்கே ஹீட்டர் என்றால் குளியலறை வெந்நீர்ப் பெட்டிதான். தோட்டத்தில் பால்மர விறகு மூட்டி டிரம்மில் காய்ச்சியதை இப்போது ஒரு பொத்தான் செய்கிறது. ஏர்கோன் கெட்டால் வியர்க்கும், அவ்வளவுதான். ஹீட்டர் கெட்டால் உயிர் போகும். ஈர உடம்பு, வெறுங்கால், தலைக்கு மேல் மின்சாரம்.

இந்த நாட்டின் 1994 மின்சார விதிமுறைகள் இதற்கென்றே ஓர் எண் வைத்திருக்கின்றன: ஈரமான இடத்து மின்சாரத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பொதுவான சுவிட்ச் 100 மில்லி ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளும் வகையாக இருக்கலாம். அத்தனை பொறுமை மனித இதயத்துக்குக் கிடையாது. பெட்டியைத் திறந்து அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் வயர்மேன் வரும்வரை வாளி வெந்நீர்தான். 3,500 வாட் ஹீட்டர் 15 ஆம்பியர் இழுக்கும். அதை விளக்குக் கம்பியோடு ஒட்டவைத்து, "ஓடுதுல்ல, அப்புறம் என்ன" என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், மாமன் மகனாக இருந்தாலும், வேண்டாம்.

*

சரி, ஏமாந்துவிட்டோம். எங்கே போவது? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. மனு போட ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் வைக்க முடியாது, ஆகவே எதிராளிக்கும் வக்கீல் இல்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எங்கே எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கலாம். தமிழில் பேசலாம், பாலம் கடக்கும் தூரம்தான்.

ஆனால் மனுவில் எதிராளியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். அக்காவிடம் இருந்தது "ஏர்கோன் பையன்" என்று கைப்பேசியில் சேமித்த இரண்டு எண்கள். ஒன்று இப்போது வேலை செய்யவில்லை. ரசீது என்ற துண்டுக் காகிதத்தின் அருமை அந்த இடத்தில்தான் தெரிகிறது.

அன்றைய மதியத்தின் மீதியையும் சொல்ல வேண்டும். இளைஞன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அக்கா, சோப்பு இருக்கா?" என்றான். அக்கா ஒரு மங்குக் கிண்ணத்தில் கலக்கிக் கொடுத்தார். தூரிகைக்குப் பதில் பழைய பல் துலக்கும் பிரஷ். கெட்டிக் குழாயின் நட்டில் தடவியதும் ஒன்றும் இல்லை. மெல்லிய குழாயின் நட்டில் தடவினான். ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு குமிழி எழுந்து, பெரிதாகி, உடைந்து, மறுபடி எழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யார் போட்டதுன்னு தெரியலக்கா, வாய் சரியா விரிக்கல" என்றான். குழாய் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து, நட்டை மாற்றினான். பம்ப் கொண்டுவர வண்டிக்கு இரண்டு தடவை நடந்தான். தராசு நண்பனிடம் இருந்தது. அதற்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், அதற்குள் காப்பி ஆகிவிட்டது. கூலி 150-ஐவிடக் கூடத்தான் வந்தது. அக்கா பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு, ரசீது என்றார்.

ரசீதுப் புத்தகம் அவனிடம் இல்லை. அக்கா சுவரிலிருந்த முருகன் நாள்காட்டியில் பிப்ரவரித் தாளைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார். அவன் முழங்காலில் வைத்து எழுதினான்: தேதி, ஆர்32, நட்டு மாற்றியது, எத்தனை கிராம், மூன்று மாத கியாரண்டி, முழுப் பெயர், வீட்டு முகவரி. முகவரியைப் படித்துவிட்டு அக்கா நிமிர்ந்தார்.

"நீ அந்தத் தோட்டத்துப் பிள்ளையா? யார் வீடு?"